காந்தத்தில் ஒட்டிய ஆயிரம் தோட்டா: யூட்டாவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் இருவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். மூத்தவர் அமெரிக்காவுக்கு வந்து பல வருடம் ஆகிறது, கிரீன் கார்டு கையில் இருக்கிறது. இளையவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். யூட்டா மாநிலத்தில் லீஹை ஊர்ப் பக்கம் இருவருக்கும் மென்பொருள் வேலை. அவர்கள் வந்து சுடும் உள்ளரங்க ரேஞ்சில் வார இறுதிகளில் பாதுகாப்பு அலுவலராக நிற்பவன் நான். இருவரிடமும் கேட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

மூத்தவருக்குப் பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் ஆசை. அவர் வாங்கியது பழைய யூகோஸ்லாவியாவின் சஸ்தாவா தொழிற்சாலையில் செய்த எம்59/66. எஸ்கேஎஸ் என்ற பழைய சோவியத் ராணுவத் துப்பாக்கி வகையைச் சேர்ந்தது. பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் துப்பாக்கியோடு சேர்ந்தே இருக்கும், குழல் முனையில் கிரனேட் மாட்டும் அமைப்பு இருக்கும். சுடுவது 7.62×39 மில்லிமீட்டர் தோட்டா. மற்ற நாடுகளில் செய்த எஸ்கேஎஸ் பலவற்றில் துருப் பிடிக்காமல் இருக்கக் குழலுக்குள் குரோம் பூசியிருப்பார்கள், இந்த யூகோஸ்லாவிய வகையில் அது கிடையாது. வாங்கும்போது அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில்தான் அந்தக் குரோம் இல்லாத குழல் குறுக்கே வந்தது.

7.62×39 ஒரு காலத்தில் அமெரிக்காவில் ரொம்ப மலிவு. ரஷ்யத் தொழிற்சாலைகள் எஃகுக் கூட்டில் செய்து கப்பல் கப்பலாக அனுப்பின. கூடு என்பது தோட்டாவில் மருந்து அடைத்திருக்கும் பின்பகுதி, முனையிலிருந்து பறந்து போவது குண்டு. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் கொடுத்த விவகாரத்தை ஒட்டி 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ஒரு தடையை அறிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி உரிமம் கிடைப்பது நின்றது. அதன் பிறகு பழைய விலை திரும்பவில்லை. ஆனாலும் இருப்பதில் மலிவானது இன்றும் எஃகுக் கூடுதான். இவர்கள் வாங்கிய சமயத்தில் எஃகுக் கூட்டுத் தோட்டா ஒன்று 45 சென்ட் சுமார், பித்தளைக் கூடு என்றால் 75 சென்ட் சுமார்.

தம்பி இணையத்தில் தேடிப் பிடித்ததுதான் அந்த ஆயிரம் தோட்டாப் பெட்டி. ஆளுக்குப் பாதிப் பணம், ஆளுக்குப் பாதித் தோட்டா என்று பேசிக்கொண்டார்கள். அண்ணன் பெயரில் பணம் கட்டி வரவழைத்தார்கள். பெட்டி 16 கிலோவுக்கு மேல் கனம்.

முதல் நாள் கவுண்டரில்

எங்கள் ரேஞ்சில் வெளியிலிருந்து தோட்டா கொண்டுவந்தால் சுடும் இடத்துக்குப் போகுமுன் காந்தச் சோதனை உண்டு. அமெரிக்க உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றிலும் இதே வழக்கம்தான். அண்ணன் கொண்டுவந்த முதல் டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காந்தத்துப் பக்கம் கொண்டுபோனேன். துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. கூடு எஃகு என்பதால் அது எதிர்பார்த்ததே. குண்டின் முனையை மட்டும் தனியே காட்டிப் பார்த்தேன். அதுவும் ஒட்டியது.

தம்பிக்குக் கோபம். "அண்ணா, டப்பால லெட் கோர்னு தெளிவா போட்டிருக்கான். உள்ள ஈயம்தானே? அப்புறம் எப்படி ஒட்டும்?" என்றார். அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காந்தத்துக்குப் படிக்கத் தெரியாதேடா" என்றார்.

டப்பாவில் இருந்தது பொய்யில்லை. 1994இல் சீனாவிலிருந்து வந்த எஃகு நடுவுள்ள 7.62×39 தோட்டாவைக் கவசம் துளைக்கும் வகையில் சேர்த்து அமெரிக்க அரசு இறக்குமதியை நிறுத்தியது. இறக்குமதித் தோட்டாவில் நடுப்பகுதி ஈயம் என்று பெரிதாக அச்சிடுவது இறக்குமதிச் சட்டத்துக்குப் பொருந்தும் சரக்கு என்று காட்டுவதற்கு உதவும். ஆனால் அந்த ஈயத்தைச் சுற்றியிருக்கும் மேலுறை வேறு விஷயம். மலிவுத் தோட்டாக்களில் அது மென்மையான எஃகுத் தகடு, மேலே மெல்லிய தாமிரப் பூச்சு மட்டும். கண்ணுக்குத் தாமிரம் மாதிரியே பளபளக்கும், காந்தம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சட்டம் கேட்பது நடுவில் என்ன இருக்கிறது என்று. ரேஞ்ச் கேட்பது குண்டில் எங்காவது எஃகு இருக்கிறதா என்று. இரண்டும் வேறு வேறு கேள்வி. சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு ரேஞ்சுக்குள்ளும் செல்லும் என்று நினைத்துத்தான் இவர்கள் பணம் கட்டியிருந்தார்கள்.

ரேஞ்ச் ஏன் இவ்வளவு கறார் காட்டுகிறது என்று அண்ணன் கேட்டார். குண்டு போய் அடிக்கும் பின்சுவரை நாங்கள் மாற்ற வேண்டியிருந்தால் செலவு பெரிது. எஃகுத் தகட்டால் ஆன பின்சுவரை எஃகு உறையுள்ள குண்டு ஈயக் குண்டைவிட அதிகமாக அரிக்கும். பின்சுவர் ரப்பர்த் துகளால் ஆனதாக இருந்தால் தீப்பொறிதான் பயம். உள்ளரங்கில் எரியாத வெடிமருந்துத் தூளும் தரையில் படிந்துகொண்டே இருக்கும், அதில் பொறி விழக் கூடாது. எஃகுக் கூட்டை மறுப்பதற்குக் காரணம் பாதுகாப்பு இல்லை, காசு. விழுந்து கிடக்கும் பித்தளைக் கூடுகளை ரேஞ்ச் அள்ளிப் பழைய பித்தளையாக விற்கும். நடுவே எஃகு கலந்தால் பிரித்தெடுக்க ஆள் வேண்டும். இதைப் பாதுகாப்பு என்ற பெயரில் சொல்லும் ரேஞ்சுகளும் உண்டு. காசுக்காக என்று நேராகச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அன்றைக்குச் சுடும் தடத்துக்கான லேன் கட்டணம் கட்டியாகிவிட்டது. எங்கள் கவுண்டரிலேயே பித்தளைத் தோட்டா இரண்டு டப்பா வாங்கி அண்ணன் மட்டும் சுட்டார். கவுண்டர் விலை வெளியைவிட அதிகம், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

இடையில் எழுந்த இன்னொரு சிக்கல்

அன்றைக்கே பதிவுப் படிவத்தை நிரப்பும்போது தம்பியின் விசா விவரம் தெரிந்தது. அப்போதே அவரைச் சுட விடாமல் பார்வையாளர் பகுதியில் உட்காரச் சொன்னேன். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி அந்த வகையில் சேரும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றில் நம் ஆட்களுக்குப் பயன்படுவது ஒன்றே, அமெரிக்க மாநிலம் ஏதாவது ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம்.

இவர்கள் போட்ட 'ஆளுக்குப் பாதி' கணக்கு இங்கேதான் இடித்தது. தம்பியின் பங்குத் தோட்டா அவர் வீட்டில் இருந்தால் அவர் வைத்திருந்ததாகிறது. தடை உள்ளவர் என்று தெரிந்தே கொடுத்தால் கொடுத்த அண்ணனுக்கும் சிக்கல். நல்லவேளை, பெட்டி அண்ணன் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. வேலை விசாவில் வந்து, நண்பர்களோடு ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற நம்மவர்கள் பலர் இதை அறியாமலே செய்கிறார்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களிடம் சொன்னேன். அவர்களும் கேட்டார்கள்.

வைத்திருந்த வழிகள், எடுத்த முடிவுகள்

திருப்பி அனுப்பலாமா என்று முதலில் பார்த்தார்கள். தோட்டாவை விற்றால் திரும்ப வாங்குவதில்லை என்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம். இந்தக் கடையும் அதையே சொன்னது.

அடுத்து, மேற்கே இருக்கும் அரசுப் பொது நிலத்துக்குப் போய்ச் சுட்டுவிடலாம் என்றார் தம்பி. யூட்டாவில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், இடமும் தாராளம். ஆனால் அது கோடைக்காலம். அந்த நிலத்தை நிர்வகிக்கும் மத்திய அரசு அலுவலகம் போடும் தீத்தடுப்பு ஆணையில், நடுவிலோ உறையிலோ எஃகு உள்ள தோட்டாவைச் சுடக் கூடாது என்று தனியாகவே இருக்கிறது. உள்ளே காந்தம் தடுத்தது, வெளியே ஆணை தடுத்தது.

இந்த ஆணை வெறும் காகிதம் இல்லை என்பது அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். 2012 ஜூனில் லீஹைக்கு அடுத்த ஊரான சரடோகா ஸ்பிரிங்ஸ் அருகே, குப்பைக் கிடங்குப் பக்கம் இலக்குச் சுடப் போனவர்களால் தீப் பற்றியது. 5,500 ஏக்கர் அளவில் எரிந்து, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டிவந்தது. அதற்கு மறு ஆண்டு, 2013இல், அமெரிக்க வனத்துறையின் ஆராய்ச்சியாளர்கள் துப்பாக்கிக் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறும் துண்டுகளைக் காய்ந்த பீட் பாசி மேல் விழவிட்டுப் பார்த்தார்கள். துண்டுகளின் வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும் என்று தெரிந்தது. நடுவிலோ உறையிலோ எஃகு உள்ள குண்டும், முழுக்கத் தாமிரத்தால் ஆன குண்டும்தான் அடிக்கடி பற்றவைத்தன. ஈய நடு, தாமிர உறை கொண்டது பற்றவைத்தது அரிது.

முழுத் தாமிரக் குண்டை இங்கே கவனிக்க வேண்டும். அது காந்தத்தில் ஒட்டாது, எங்கள் கவுண்டரைத் தாண்டிவிடும். காய்ந்த புல்வெளியில் அதுவும் எஃகு மாதிரியே ஆபத்து. காந்தச் சோதனையை எல்லா இடத்துக்கும் போதுமான சோதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக, ஆயிரம் தோட்டாவையும் உலர்ந்த இரும்புப் பெட்டிகளில் மூடி, ஆணை விலகும்வரை அண்ணன் வீட்டில் வைப்பது என்று முடிவானது.

இனி வாங்கப்போவது எது என்பதுதான் பெரிய கேள்வி. பழைய யூகோஸ்லாவிய ராணுவச் சரக்கான எம்67 தோட்டா அப்போது ஒரு கடையில் கிடைத்தது. பித்தளைக் கூடு, ஈய நடு, தாமிர உறை. காந்தத்தில் ஒட்டாது. பத்துப் பத்தாகக் கிளிப்பில் கோத்தே வரும், எஸ்கேஎஸ் மேகசினில் அப்படியே அழுத்தி ஏற்றலாம். புதிய பித்தளைத் தோட்டாவைவிட விலையும் குறைவு. ரேஞ்ச் விதிப்படி இதில் ஒரு குறையும் இல்லை. துப்பாக்கிக்குத்தான் குறை. கூட்டின் அடியில் இருந்து மருந்துக்குத் தீ மூட்டுவது பிரைமர். அந்தக் காலத்துப் பிரைமரில் இருக்கும் வேதிப்பொருள் எரிந்தபின் ஒருவகை உப்பைக் குழலுக்குள் விட்டுப்போகும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவேற்றும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும், அதுவும் சுட்ட அன்றைக்கே. குரோம் பூசிய குழலென்றால் கொஞ்சம் தாங்கும். இவருடையது பூசாத குழல். சுடும்போது வரும் வாயு ஓடும் கேஸ் குழாய், பிஸ்டன் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

அண்ணன் ஒரு சிறு பொட்டலம் வாங்கிச் சுட்டார். மறுநாள் காலை வேலை விஷயமாக வெளியூர் போனவர், திரும்பி வந்து பார்க்கும்போது கேஸ் குழாயில் செம்மண் நிறத்தில் துரு. தேய்த்து எடுத்துவிட்டார், பெரிய சேதமில்லை. "எனக்கு இது சரிவராது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்க என்னால் ஆகாது" என்றார். நேர்மையான முடிவு. அன்றன்றைக்கே கழுவும் பழக்கம் உள்ளவருக்கு எம்67 நல்ல சரக்குதான். அவர் அப்படிப்பட்டவரில்லை.

சுட்ட கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றி வீட்டிலேயே தோட்டா செய்யலாம் என்ற யோசனையும் வந்தது. அமெரிக்காவில் பலர் செய்கிறார்கள். ஆனால் எஸ்கேஎஸ் கூட்டை வீசி எறியும் வேகத்தில் பாதி நசுங்கும், மீதி சுடும் கோட்டுக்கு முன்னால் போய் விழும். அந்தக் கோட்டைத் தாண்டிப் பொறுக்க யாருக்கும் அனுமதியில்லை, அது ரேஞ்சுக்குச் சொந்தமாகிவிடும். இவர்கள் சுடும் அளவுக்குக் கருவி வாங்கும் செலவு எடுபடாது. இந்த யோசனை ஒரு மாலைப் பேச்சோடு முடிந்தது.

கடைசியில் நின்றது இரண்டு முடிவு. ஒன்று, 7.62×39 என்றால் புதிய பித்தளைக் கூடு, தாமிர உறை மட்டும். அதுவும் மொத்தமாக இல்லை. முதலில் ஒரே ஒரு டப்பா வாங்கி, குண்டு முனையை வலுவான காந்தத்தில் காட்டி, பிறகுதான் பெட்டி. இந்த எச்சரிக்கை வீண் போகவில்லை. அவர் முதலில் எடுத்துவந்த ஐரோப்பியத் தோட்டா ஒன்றில் கூடு பித்தளை, டப்பாவிலும் பித்தளை என்றே இருந்தது, குண்டு முனை மட்டும் காந்தத்தில் ஒட்டியது. ஒரு டப்பாவோடு நட்டம் நின்றது. இரண்டாவதாக எடுத்தது தேறியது.

இரண்டு, குறிபார்த்துப் பழகுவதற்குச் சிறிய தோட்டா சுடும் .22 துப்பாக்கி தனியாக ஒன்று. .22 எல்ஆர் தோட்டா அப்போது ஒன்று 8 சென்ட் சுமார். 40 கிரெய்ன் (இரண்டரை கிராம் சுமார்) எடையுள்ள ஈயக் குண்டு, உள்ளரங்கில் ஆட்சேபணை இல்லை. தோள் இடிக்காது. மூச்சைப் பிடிப்பதும், விசையை அழுத்துவதும், குறியை வரிசைப்படுத்துவதும் இதில் பழகினாலும் அதே பழக்கம்தான். தம்பி இதை முதலில் ஏற்கவில்லை. "அண்ணா, அது சின்னப்பசங்க துப்பாக்கி." அண்ணன் வாங்கிவிட்டார்.

புதிய தோட்டாவுக்கு மாறுமுன் ஒரு வேலையை நான் வற்புறுத்தினேன். இந்த எஸ்கேஎஸ்ஸில் பிரைமரைத் தட்டும் ஃபயரிங் பின்னுக்கு ஸ்பிரிங் கிடையாது, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டுக்குள் அது தளர்வாக ஓடும். சேமிப்புக் கிடங்கில் தடவிய பழைய கிரீஸ் உள்ளே இறுகியிருந்தால் பின் முன்னாலேயே சிக்கி நிற்கும். ராணுவப் பிரைமர் கெட்டியானது. வணிகத் தோட்டாவில் சில மென்மையானவை. பின் சிக்கியிருக்கும்போது போல்ட் மூடினால், விசையைத் தொடாமலே வெடித்துவிடலாம். போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, கையில் குலுக்கினால் பின் கடகடவென்று ஆடுகிறதா என்று பார்த்த பிறகே சுடவிட்டேன்.

பிறகு நடந்தது

தம்பி யூட்டா மாநிலத்தின் வேட்டையாளர் பயிற்சியை முடித்தார். 1965 டிசம்பர் 31க்குப் பிறகு பிறந்தவர்கள் அங்கே உரிமம் எடுக்க அந்தப் பயிற்சி வேண்டும். பிறகு உரிமம் வாங்கி, நகல் இல்லாமல் அசலையே பையில் வைத்துக்கொண்டு ரேஞ்சுக்கு வந்தார். வேட்டைக்குப் போகும் எண்ணம் அவருக்கு இல்லை, மரக்கறி சாப்பிடுபவர். ஆனாலும் பயிற்சி வீண் இல்லை என்று அவரே சொன்னார். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதலில் தோட்டா இருக்கும் அறையைத் திறந்து பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது என்றார்.

செலவுக் கணக்கு எதிர்பார்க்காத பக்கம் திரும்பியது. ஆரம்பத்தில் போட்ட திட்டம் ஒரு வருகைக்கு நூறு எஃகுத் தோட்டா, 45 டாலர். அதையே பித்தளையில் சுட்டிருந்தால் 75 டாலர். இப்போது அண்ணன் சுடுவது நூறு .22, முப்பது பித்தளை 7.62. எட்டு டாலரும் இருபத்திரண்டரை டாலரும் சேர்ந்து முப்பது டாலர் சொச்சம். மலிவு என்று தேடிப்போன எஃகுத் தோட்டாவைவிட இது குறைவு. நூறும் பித்தளையாகவே சுடுவதோடு ஒப்பிட்டால், .22 துப்பாக்கிக்குப் போட்ட பணம் ஆறேழு வருகையில் ஈடாகிவிட்டது. தம்பியும் இப்போது அந்தச் 'சின்னப்பசங்க துப்பாக்கி'யை எடுத்தால் கீழே வைப்பதில்லை.

இரும்புப் பெட்டியில் இருந்தவற்றில் ஒரு பகுதியைக் குளிர்காலத்தில், மண்மேட்டைப் பின்சுவராகக் கொண்ட ஒரு வெளித்திடலில் சுட்டார்கள். அங்கே எஃகு உறைக்கு அனுமதி உண்டா என்று முன்னாலேயே தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். எஃகுத் தகட்டு இலக்குகளில் அடிக்காமல் காகிதத்தில் மட்டும் அடித்தார்கள். மீதி அப்படியே இருக்கிறது, அடுத்த குளிர்காலத்துக்கு.

மாற்ற வேண்டியவை

அண்ணன் இப்போது தேடும் வரிசை வேறு. எங்கே சுடப்போகிறோம் என்று முதலில், அந்த இடத்தின் விதியை எழுத்தில் வாங்குவது இரண்டாவது, விலை அதற்குப் பிறகுதான். விதியைக் கேட்கும்போது எஃகு நடு, எஃகு உறை, எஃகுக் கூடு மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் அந்த ஒன்றுக்கே பதில் வரும். சில ரேஞ்சுகளில் வீட்டில் செய்த தோட்டாவுக்கும் தடை உண்டு, சிலவற்றில் அவர்கள் விற்பதையே வாங்க வேண்டும்.

ஏஆர்-15 துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வரி. பச்சை முனையுள்ள எம்855 தோட்டாவில் ஈயத்துக்கு முன்னால் ஒரு எஃகுத் துண்டு இருக்கிறது, கூடு பித்தளையானாலும் முனை காந்தத்தில் ஒட்டும், திருப்பி அனுப்புவோம். 55 கிரெய்ன் எம்193 வகையில் அந்தத் துண்டு இல்லை.

எங்கள் பக்கமும் மாற்றம் உண்டு. எஃகு நடுவுக்குத் தடை என்று மட்டும் அறிவிப்புப் பலகையில் இருந்தது. டப்பாவைப் படித்துவிட்டு வந்த இவர்கள் தங்கள் தோட்டா செல்லும் என்று நம்பியதில் தவறு சொல்ல முடியாது. இப்போது, டப்பாவில் என்ன அச்சிட்டிருந்தாலும் குண்டோ கூடோ காந்தத்தில் ஒட்டினால் அனுமதியில்லை என்று பலகையிலும் முன்பதிவுக் கடிதத்திலும் போட்டிருக்கிறோம். பெட்டியாக வாங்குமுன் ஒரே ஒரு தோட்டாவைக் கொண்டுவந்தால் கட்டணமில்லாமல் சோதித்துச் சொல்கிறோம். விசா பற்றிய கேள்வியைப் படிவத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தோம், லேன் கட்டணம் வாங்குமுன் அது கண்ணில் படட்டும் என்று. எஃகுக் கூட்டுக்கான தடையைப் பாதுகாப்பு விதிகளின் கீழிருந்து எடுத்துத் தனியாகப் போட வேண்டும் என்று நான் சொன்ன யோசனையை நிர்வாகம் இன்னும் ஏற்கவில்லை.